அறுபத்தோரு தாள்கள்

ஒரு பகுதிக்கு அரசு அலுவலகம் வருகிறதென்றால் முதலில் கட்டிடம் எழும்பும், பெயர்ப்பலகை ஏறும், ஆட்கள் வருவார்கள், கடைசியாகத்தான் காகிதம் வரும். குட்டைமேட்டில் எல்லாம் தலைகீழாக நடந்தது. பெயர்ப்பலகையில் பெயிண்ட் காயவில்லை, நாற்காலிகளுக்கு பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை, அதற்குள் சென்னையிலிருந்து முத்திரைத் தாள்கள் ஒன்பது பெட்டிகளில் வந்து இறங்கிவிட்டன.

மாநிலம் முழுக்க அருகமைச் சேவை அலுவலகங்கள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சான்றிதழுக்காக யாரும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நடக்கக்கூடாது என்பது திட்டம். எந்தத் தெருவில் அலுவலகம், எத்தனை ஜன்னல், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை தாள் என்பதையெல்லாம் முடிவு செய்தது அமைச்சரும் இல்லை, கலெக்டரும் இல்லை. தேவைக்கணி என்ற கணினி. ஊழியர்கள் சுருக்கமாக 'கணி' என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஒரு எண்ணிக்கை சொல்லும். அந்த எண்ணிக்கைக்கு, போலி செய்ய முடியாத தாள்கள் எண்ணி அனுப்பப்படும்.

குட்டைமேட்டு அலுவலராக நியமிக்கப்பட்டிருந்தவள் நாகமணி. முப்பத்தாறு வயது. வருவாய்த் துறையில் பன்னிரண்டு வருடம் கோப்பு தள்ளியவள். இங்கே அவளே மனு வாங்கி, அவளே விசாரித்து, அவளே கையெழுத்துப் போடலாம். அந்த அதிகாரத்தை நினைத்தால் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வெள்ளியம்பாளையத்தின் கிழக்கு ஓரம்தான் குட்டைமேடு. முந்நூற்றுச் சொச்சம் வீடுகள், பாதிக்கு மேல் விசைத்தறி. தெருவில் நின்று பேசினால் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும்.

அலுவலகத்தைக் கழுவிவிட ஆட்களைக் கூட்டி வந்தவள் சம்பூரணம். மகளிர் குழுத் தலைவி, ஐம்பத்து நாலு வயது. நாகமணிக்கு டிபன் கேரியரில் அரிசியும்பருப்பும் சோறு கொண்டுவந்திருந்தாள்.

"பதினோரு வருசம் மனுக் குடுத்தேனுங்க மேடம்," என்றாள், ஈரத் தரையில் கால் வழுக்காமல் நடந்தபடி. "ஒரு சாதி சர்டிபிகேட்டுக்கு ரெண்டு பஸ்ஸு மாறித் தாலுகா ஆபீசுக்குப் போவோணும். போனா சாரு இருக்க மாட்டாரு. சாரு இருந்தா சீலு இருக்காது. ரெண்டும் இருந்தா நாம கொண்டுபோன ஜெராக்ஸு சரியில்லைன்னு போயிரும். அன்னைக்குத் தறிக்கூலி போச்சு, பஸ்ஸுக் காசும் போச்சு. இனி அந்தப் பொழப்பு இல்லீங்களே!"

நாகமணி சிரித்தாள். அப்படிப்பட்ட அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள்தான் அவளும்.

சாப்பிட்டுவிட்டுப் பெட்டிகளைத் திறந்தாள். வருமானச் சான்றுக்கு நானூற்றுப் பத்துத் தாள், இருப்பிடத்துக்கு இருநூற்று அறுபது. எல்லாம் எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தன. நாலாவது பெட்டியில் வாரிசுச் சான்றிதழ்த் தாள்கள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அறுபத்தொன்று.

உறை கழற்றாத நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாராவது இறந்தால்தான் வாரிசுச் சான்றிதழ். குட்டைமேட்டில் போன வருடம் முழுக்க இறந்தவர்கள் ஏழு பேர். மூன்று மாதத்துக்கு இரண்டு தாள் போதும். ஆறு என்று அடிக்கப்போய் விரல் தவறியிருக்குமோ?

கணியைப் பராமரிக்கும் பிரிவில் இந்த மாவட்டத்தைப் பார்ப்பவள் ஆக்னஸ் என்ற பொறியாளர். நாகமணி சென்னைக்குப் போன் போட்டாள்.

"நானும் பார்த்தேன் மேடம்," என்றாள் ஆக்னஸ். "தப்பு இல்ல. அறுபத்தொண்ணுதான்."

"மூணு மாசத்துலயா?"

"ஆபீஸ் திறந்த நாள்லருந்து தொண்ணூறு நாளைக்கு."

"எதுனால?"

"அது எதுனாலன்னு சொல்லாது மேடம். எத்தனைன்னு மட்டும்தான் சொல்லும். கரன்ட் பில்லு, ரேஷன், ஆஸ்பத்திரி, மழை, பஸ் டிக்கெட்டுன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்குது. எதை வச்சு இந்த நம்பருக்கு வந்துச்சுன்னு எங்களாலயே பிரிச்சு எடுக்க முடியல."

"தாலுகா ஆபீஸ்ல தேங்கிக் கிடக்கற பழைய மனுவா இருக்குமோ?"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "குட்டைமேடு... வாரிசு... நிலுவை பூஜ்யம், மேடம். ஒரு மனு கூட பாக்கி இல்ல."

நாகமணி நாலாவது பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"மேடம், போன வருஷம் கடலோரத்துல ஒரு ஆபீஸ்ல..."

"தெரியும்," என்றாள் நாகமணி. "ஜெனிபா என்னோட ஒரே பேட்ச்."

ஜெனிபாவின் அலுவலகம் ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தது. கணி அங்கே நாற்பது வாரிசுத் தாள் அனுப்பியது. கணினிக்குப் பைத்தியம் என்று அலுவலகமே சிரித்தது. மூன்றாவது வாரம் புயல். முப்பத்தொன்பது தாள் செலவாயிற்று. கணியின் எண்ணிக்கையை வெளியே சொல்லக்கூடாது என்று எல்லா அலுவலர்களும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொன்னால் ஜனங்கள் நடந்துகொள்வது மாறும், கணக்கு கெடும் என்பது காரணம். ஜெனிபா வாயைத் திறக்கவில்லை. இப்போது அவள் நீண்ட விடுப்பில் இருந்தாள். போன் செய்தால் எடுப்பாள், எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்கும்.

நாகமணி அன்றிலிருந்து குட்டைமேட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். எது விழும், எது வெடிக்கும், எது எரியும் என்று பார்த்தாள். ஆரம்பப் பள்ளிக்குப் பக்கத்தில் பழைய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நின்றது. பொறியாளரை வரவழைத்தாள். அவர் தூணைத் தட்டிப் பார்த்து, இன்னும் இருபது வருடம் அசையாது என்றார். சாயப்பட்டறை பாய்லரை ஒரு நாள் நிறுத்திச் சோதிக்க வைத்தாள். முதலாளி முனகினார். பாய்லரில் ஒரு குறையும் இல்லை. வீடுகளுக்கு நடுவே இருந்த கேஸ் குடோனை மட்டும் ஊருக்கு வெளியே மாற்ற முடிந்தது. மாற்றிய அன்று ஆக்னசுக்குப் போன் செய்தாள்.

"இப்ப எத்தனை?"

"அறுபத்தொண்ணு."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பூகம்பமா? புது நோயா? டீக்கடையில் நின்றால் பெஞ்சில் இருப்பவர்களை மனது எண்ணத் தொடங்கியது. ஐந்து வீட்டுக்கு ஒருவர். இந்தப் பெஞ்சில் யார்? எண்ணுவதை நிறுத்த முடியாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

திறப்பு விழாவன்று சம்பூரணம் சந்தனம் பூசி, சம்பங்கி மாலை போட்டாள். பட்டாசு வெடித்தது. நாகமணிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் நூறு பேர் வந்தார்கள். எல்லாம் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று. ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மதியம் சம்பூரணம் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன அம்மிணி? இந்த ஊரு உனக்குப் புடிக்கலயா? வந்ததுலருந்து பார்க்கறேன், எழவு வூட்டுக்கு வந்தவளாட்டம் இருக்கறே."

முதல் தடவையாக மேடம் போய் அம்மிணி வந்திருந்தது. நாகமணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நாலாவது பெட்டியை இழுத்துக் காட்டினாள். கணி என்றால் என்ன, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, ஜெனிபாவின் ஊரில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னாள்.

சம்பூரணம் அந்தத் தாள்களைக் குனிந்து பார்த்தாள்.

"நான் கேட்டு வாங்குன ஆபீசு," என்றாள். "எமனுக்கு எடம் புடிச்சுக் குடுத்துட்டனா?"

"அப்படி இல்லக்கா. ஆபீஸ் வந்ததுனால நடக்காது. நடக்கப்போறதுனால..."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நாகமணி பெட்டியை மூடி மேசைக்கடியில் தள்ளினாள்.

யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். கேட்கும்போதே அது நடக்காது என்று தெரியும். சேதி வெளியே போகட்டும் என்றுதான் உள்ளூர நினைத்தாளோ என்னவோ. சம்பூரணம் தன் குழுவில் பன்னிரண்டு பேரிடம் மட்டும் சொன்னாள். இரண்டே நாளில் குட்டைமேட்டுக்கே தெரிந்துவிட்டது. ஒருவர் நிலநடுக்கம் என்றார். ஒருவர் தண்ணீரில் விஷம் என்றார். ரிங் ரோட்டுக்காக ஊரைக் காலி செய்ய அரசாங்கமே கட்டிவிட்ட கதை என்றார் இன்னொருவர். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே குடியிருந்தவர்கள்தான் முதலில் கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் நாற்பது வீட்டுக்குப் பூட்டு விழுந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவில் சாதாரணக் குரலில் பேசினாலே கேட்கிற நிலை வந்தபோது மீதி இருந்தவர்களும் பயந்தார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு நாகமணிக்குக் கடிதம் வந்தது. அவள் அதைப் படித்து மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

ஊருக்குத் தெரிந்த ஒன்பதாம் நாள் காலை செங்கோடன் தன் அப்பாவை பைக்கில் உட்காரவைத்து அலுவலகத்துக்கே கூட்டிவந்தான். அப்பா நாச்சிமுத்துவுக்கு எழுபத்தாறு வயது. இன்னும் நாலு தறியைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. டவுனுல மாடி போர்ஷன் ஒண்ணு வாடகைக்குப் பார்த்துட்டேன். சம்சாரம், புள்ளைங்களக் கொண்டுபோய் வுட்டாச்சு. இவுரு மட்டும் வரமாட்டேங்கறாரு."

"நான் எங்கீம் போகலீங்க அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "இப்பத்தான் நாலு தறிக்கும் புதுப் பாவு பூட்டியிருக்கறேன். அதைய யாரு ஓட்டுவாங்க? சாவு வந்தா வரட்டும், தறிக்குப் பக்கத்துல வரட்டும்."

"பாருங்க, இப்படித்தான் பேசறாரு." செங்கோடன் மேசையில் கை ஊன்றினான். "ஒரே வார்த்தை சொல்லுங்க மேடம். உங்களுக்குத்தான் உள்விசயம் தெரியும். கூட்டிட்டுப் போறதா, வேண்டாமா?"

நாகமணி கிழவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில், அறுந்த பாவு நூலைக் கோக்கும் தறிக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பாவு இழைதான் கவலை, சாவு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஜெனிபாவின் மூச்சுச் சத்தம் அவள் காதில் கேட்டது.

"கூட்டிட்டுப் போயிருங்க," என்றாள்.

நாச்சிமுத்து எழுந்தார். அதிகாரி சொன்ன பிறகு மறுத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பாப்பாத்தி வந்தாள். அலுவலகத்தில் ஈ காக்காய் இல்லை. அறுபது வயதிருக்கும். துணிக்கடை பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமுங்களா?"

"வாங்கம்மா. என்ன வேணும்?"

"வாரிசுங்க."

நாகமணி நிமிர்ந்தாள். தொடங்கிவிட்டதா? "யாரும்மா? எப்ப?"

"எங்க வூட்டுக்காரருங்க. செத்துப் பத்தொம்பது வருசமாச்சு."

நாகமணி பேனாவைக் கீழே வைத்தாள். "பத்தொம்பது வருசமா? இத்தனை நாளா ஏன் வாங்கலை?"

"வாங்காம இருப்பனுங்களா? தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை போனனுங்க. செத்ததுக்கு சர்டிபிகேட்டு கொண்டா, அப்பறம் வாரிசுக்கு வான்னாங்க. அதுக்குப் போனா, அப்பவே ஏன் பதியலை, கோர்ட்டுக்குப் போன்னாங்க. வூட்டுல செத்தவருங்க, நாலு பேரு தூக்கிட்டுப் போய் எரிச்சிட்டு வந்துட்டாங்க, எங்க போய்ப் பதியறதுன்னு எனக்கு என்ன தெரியும்? அப்பறம் வுட்டுட்டேன். வூடு இன்னமும் அவுரு பேர்லதான் கெடக்குது." அவள் பையைப் பிரித்தாள். பழுப்பேறிய காகிதங்கள். "இப்ப ஆபீசு எதுத்தாப்புலயே வந்திருச்சு. அதும்போக எல்லாரும் சாகப்போறோங்கறாங்க. சாவறதுக்கு முந்தி பையன் பேருக்கு மாத்தி வெச்சுட்டாத் தேவலைன்னு வந்தேன்."

"நீங்க குடுத்த மனுவுக்கு ரசீது இருக்கா?"

"மனுவ வாங்குனாத்தானுங்களே ரசீது."

நாகமணி அந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாள். மனுவை வாங்கவே இல்லை. வாங்காத மனு பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாதது நிலுவையில் வராது. நிலுவை பூஜ்யம்.

"உங்க தெருவுல இது மாதிரி வேற யாராச்சும் இருக்காங்களா பாப்பாத்தியம்மா?"

"யாரு இல்லீங்கறீங்க? எங்க சந்துலயே நாலு பேரு."

அருகமை அலுவலகச் சட்டப்படி, அதே தெருக்காரர்கள் ஐந்து பேர் நேரில் வந்து சாட்சி சொன்னால் எத்தனை வருடத்துக்கு முந்தைய இறப்பையும் பதியலாம். நாகமணி அந்தப் பிரிவைப் பயிற்சியில் படித்திருந்தாள், மறந்தும் போயிருந்தாள். பாப்பாத்தி போய் ஐந்து பேரைக் கூட்டிவந்தாள். இருபது நிமிடத்தில் முதல் தாள் அச்சாகி வெளியே வந்தது. பாப்பாத்தி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள். பத்தொன்பது வருடத்துக்கு அது போதாது என்று நினைத்தவள் மாதிரி மறுபக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே நாகமணி சம்பூரணத்தைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். 'உங்கள் வீட்டில் காகிதம் இல்லாமல் செத்தவர்கள் யார்?' சங்கடமான கேள்விதான். ஆனால் கேட்டதும் ஜனங்கள் பேசத் தொடங்கினார்கள். பிரசவத்தில் போன மருமகள். கிணறு வெட்டும்போது மண் சரிந்து போனவர். சாயப்பட்டறையில் நெஞ்சடைத்து விழுந்த அண்ணன். முப்பது வருடத்து இறப்புகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பை. பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர்களைப் போனில் பிடித்தார்கள்.

நடுவில் ஆக்னஸ் அழைத்தாள். குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"மேடம், நீங்க அந்தப் பாப்பாத்தியம்மா விஷயத்தச் சொன்னப்புறம் ஈ.பி. லிஸ்ட்ட எடுத்துப் பார்த்தேன். குட்டைமேட்டுல நூத்திப் பதினாலு வயசுக்காரர் பேர்ல ஒரு கனெக்‌ஷன் ஓடுது! நூறு தாண்டினவங்க பேர்ல மட்டும் பதிமூணு. கணி இதைத்தான் பார்த்திருக்கு. யாரும் சாகப்போறதில்ல மேடம். செத்தவங்கதான் வரப்போறாங்க."

நாகமணி தெருவிலேயே ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். சம்பூரணம் பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள். நல்ல சேதிதான் என்று சைகை காட்டிவிட்டுப் போனில் கேட்டாள்: "அப்ப ஜெனிபா ஊருல?"

"அங்க அது. இங்க இது. கணிக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். அதுக்குத் தெரிஞ்சது தாளு மட்டும்தான்."

பட்டியல் முடிந்தபோது அறுபது பேர் இருந்தார்கள். சம்பூரணம் விரல் விட்டு இரண்டு தடவை சரிபார்த்தாள். "ஒண்ணு எங்கியோ வுட்டுப்போச்சு. வந்துரும்," என்றாள். ஒன்றிரண்டு பிசகத்தான் செய்யும் என்றாள் ஆக்னஸ்.

சேதி பரவியது. போனவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். சிலர் சிரித்தார்கள். தறியை அவசரமாகப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போன ஒருவர் அலுவலகத்துக்கு வந்து நாகமணியை நிற்கவைத்துத் திட்டினார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. செங்கோடனுக்கு அவளே போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழமை கூட்டியாந்தர்றேனுங்க மேடம். பஞ்சாயத்துக் குழாயில தண்ணி வருதா, பாவு அறுந்திருக்குமான்னு அப்பா நாளைக்கு நூறு தடவை கேட்டுட்டு இருக்கறாரு."

வெள்ளிக்கிழமை மதியம் நாச்சிமுத்து சாப்பிட்டுவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எதற்கு, பஸ் பிடித்தே போய்விடலாம் என்று நினைத்தாராம். அவர் ஆயுசு முழுக்கத் தரைவீட்டில் இருந்தவர். மாடிப்படி அவருக்குப் பழக்கமில்லை. மூன்றாவது படியிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை உயிர் இல்லை.

குட்டைமேட்டுக்குக் கொண்டுவந்துதான் எடுத்தார்கள். நாகமணி கூட்டத்தில் பின்னால் நின்றாள். அக்கம்பக்கத்துத் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. மரியாதைக்காக அன்று மட்டும் நிறுத்தியிருந்தார்கள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவள் அலுவலகத்துக்குத் திரும்பி நாலாவது பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு ஆக்னசை அழைத்தாள்.

"நான் சொல்லுவேன்னு அதுக்குத் தெரியுமா?"

"என்ன மேடம்?"

"நான் வெளிய சொல்லுவேன், ஜனங்க பயப்படுவாங்க, ஒருத்தர் பழக்கமில்லாத படியில இறங்குவார்னு. இதெல்லாம் அதுக்கு முன்னாடியே தெரியுமா? இல்ல, அவர் தறிக்குப் பக்கத்துலயே இருந்திருந்தாலும் இதே மூணு மாசத்துல போயிருப்பாரா?"



"தெரியல மேடம்," என்றாள் ஆக்னஸ். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். நீங்க சொல்லாம இருந்திருந்தா எத்தனைன்னு கேட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டட்டுமா?"

நாகமணி வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்து, ஓட்டிப்பார் என்று சொல்லப் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டாள். அறுபத்தொன்று என்று வந்தால் மனது ஆறிவிடும். அறுபது என்று வந்தால் என்ன செய்வது?

வாரங்கள் போயின. பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஐந்து சாட்சிகளோடு வந்து வாங்கிப்போனார்கள். வீடுகள் உயிரோடு இருப்பவர்களின் பெயருக்கு மாறின. பதினோரு வருட மனு வீண் போகவில்லை என்று சம்பூரணம் பூரித்தாள். எண்பத்தேழாம் நாள், பெட்டியில் ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தபோது, செங்கோடன் வந்தான். மொட்டை அடித்த தலையில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. கையில் தொப்பி.

காகிதங்களை வரிசையாக அடுக்கி வைத்தான். எல்லாம் சரியாக இருந்தன. நாகமணி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்தாள். இயந்திரம் தாளை இழுத்துக்கொண்டது.

"செங்கோடா," என்றாள். "அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா..."

"அட, வுடுங்க மேடம்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை. "நானும் அப்படித்தான் மொதல்ல ஒடஞ்சு போய்க் கெடந்தேன். அப்பறம் யோசிச்சுப் பார்த்தேன். அறுபத்தொண்ணுன்னு கணி முன்னயே சொல்லிருச்சுங்களே. அறுபது பேரு பழைய ஆளுங்க. அப்பறம் எங்கப்பாதானுங்களே? எங்க இருந்தாலும் நடந்திருக்கும். தறிக்கொட்டாயில தனியா வுழுந்து கெடந்திருந்தா இன்னும் கஷ்டம். கூட நாங்க இருந்தோம். அதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லோணும்."

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? அது அப்படி இல்லை என்றா? அப்படி இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த நம்பிக்கையில்தான் அவனுக்கு ராத்திரித் தூக்கம் வருகிறது. அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

தாள் வெளியே வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். செங்கோடன் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான். "பதினெட்டு நிமிசம்! எங்க பாட்டனுக்கு வாங்கறப்ப எங்கப்பா ஒண்ணரை வருசம் அலஞ்சாரு. அவுரு இருந்து இதையப் பார்த்திருக்கோணும்."

எழுந்தவன் கதவருகில் நின்று திரும்பினான்.

"ஏனுங்க மேடம், அடுத்த மூணு மாசத்துக்குக் கணக்கு வந்திருச்சுங்களா? எத்தனை?"

கேட்ட விதத்தில் கிண்டல் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டான். வெளியே பெஞ்சில் காத்திருந்த நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார்கள். சம்பூரணமும் அதில் இருந்தாள். புதுப் பார்சல் காலையிலேயே வந்து, பிரித்து, எண்ணி, மேசைக்கடியில் நாகமணியின் கால் படும் இடத்தில் இருந்தது.

"இன்னும் வரலைங்க," என்றாள் நாகமணி.

செங்கோடன் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். பெஞ்சில் இருந்தவர்கள் மெல்ல மறுபடி பேச ஆரம்பித்தார்கள். சம்பூரணத்தின் கண் மட்டும் மேசைக்கடியிலேயே இருந்தது.